குளிர் அறையில் மூன்று பேர்

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நான்கு பேரும் வீட்டுக்கு வந்து போனதிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. படி இறங்கும்போது உங்களில் சின்னவள், டிரம்ஸ் வாசிக்கிற பெண், திரும்பிப் பார்த்து, “ஐயா, எங்க குழு எத்தனை வருஷம் தாங்கும்?” என்று கேட்டாள். அந்த நேரத்துக்கு ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். 35 வருஷம் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்தவன், அவளுக்கு ஒழுங்கான பதில் சொல்லியாக வேண்டும்.

1983இல் கப்பலில் வேலை பார்த்த நண்பன் ஒருவன் லண்டனிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தான். திஸ் ஹீட் என்ற குழு. முதல் முறை கேட்டபோது என் டேப் ரிக்கார்டர் கெட்டுவிட்டது என்றே நினைத்து ஹெட்டைத் துடைத்தேன். இரண்டாம் முறை கேட்டபோது தூக்கம் போயிற்று. 1976 தொடக்கத்தில் தென் லண்டனின் கேம்பர்வெல்லில் கூடிய குழு அது. 1982இல் கலைந்துவிட்டது. இரண்டு முழு இசைத்தட்டு, நடுவில் ஒரு சிறு தட்டு. என் கைக்குக் கேசட் வந்தபோதே அந்தக் குழு இல்லை. ஆனாலும் நான் வேலை செய்த விதத்தையே அந்தக் குழுவின் மூன்று பேர் மாற்றினார்கள். அவர்களை வைத்தே உங்களுக்குச் சொல்கிறேன்.

1. ஆள் சேர்க்கும்போது விரலைப் பார்க்காதீர்கள், காதைப் பாருங்கள்.

திஸ் ஹீட்டில் இரண்டு பேர் தேர்ந்த வாத்தியக்காரர்கள். சார்லஸ் ஹேவர்ட் டிரம்ஸ். சார்லஸ் புல்லன் கிதார், கிளாரினெட், வயோலா. மூன்றாமவர் கேரத் வில்லியம்ஸ் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. தெரிந்தேதான் சேர்த்தார்கள்.

இதை வெறும் துணிச்சல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பயிற்சி உள்ளவனுக்குக் கை தானாகப் பழகிய இடத்துக்குப் போகும். கமகமோ, கிதார் கார்டோ, எதுவாக இருந்தாலும் அடுத்தது என்ன என்று விரலுக்குத் தெரியும். வில்லியம்ஸின் விரலுக்குத் தெரியாது. ஆகவே அவர் ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒருவர் அப்படிக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் மற்ற இருவரும் பழக்கத்தில் வாசிக்க முடியாது. ஆயிரக்கணக்கில் தட்டுகளைக் கேட்டு ஊறிய காது அவருடையது. ஆர்கன், பேஸ், டேப் எதைத் தொட்டாலும் அந்தக் காதுதான் வேலை செய்தது.

உங்கள் கீபோர்டுக்காரன் மோசமாக வாசிக்கிறான் என்று நீங்கள் மூவரும் அவன் வெளியே போனபோது சொன்னீர்கள். அவன் உள்ளே வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, “அந்த ஃப்ரிட்ஜ் சத்தம் என்ன சுருதி ஐயா?” அவனை விட்டுவிடாதீர்கள்.

2. லோகோ, பனியன், போட்டோ எல்லாம் இப்போது வேண்டாம். திஸ் ஹீட்டின் முதல் தட்டின் உறை வெறும் நீலமும் மஞ்சளும். முகம் ஒன்றும் கிடையாது.

3. ஒரு இடம் பிடியுங்கள். மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிற இடம் அல்ல, உங்கள் இடம்.

இதை நான் மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்வேன். பிரிக்ஸ்டனில் ஏக்கர் லேன் என்ற தெருவில் ஒரு பழைய இறைச்சிப் பை தொழிற்சாலை இருந்தது. தொழிற்சாலை மூடியபின் அந்தக் கட்டடத்தில் ஓவியர்கள், சிற்பிகள் எல்லாம் வேலை செய்ய இடம் பிடித்தார்கள். அங்கே இறைச்சியைக் குளிரில் வைத்திருந்த அறை ஒன்று காலியாகக் கிடந்தது. திஸ் ஹீட் அதைப் பிடித்துக்கொண்டது. அறைக்கு வைத்த பெயரும் அதுவேதான்: கோல்டு ஸ்டோரேஜ்.

குளிரை உள்ளே பிடித்துவைக்கக் கட்டிய தடித்த சுவர், சத்தத்தையும் உள்ளே பிடித்துவைக்கும். அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டமாட்டார்கள். இரவு இரண்டு மணிக்கும் டிரம்ஸ் அடிக்கலாம். அதைவிடப் பெரிய விஷயம், நேற்று வைத்த மைக் இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கும். நேற்று அறுந்த டேப் துண்டு இன்றும் தரையில் கிடக்கும். அதை எடுத்துத் திருப்பி ஒட்டிப் பார்க்கலாம். சொந்த இடம் இருந்தால் வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து.

எங்கள் கதையைச் சொல்கிறேன். 1979இல் நாங்கள் நான்கு பேர் ஒரு குழு வைத்திருந்தோம். மணி வாடகைக்கு ஒரு அறை. ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு போய் வைத்து, வயர் மாட்டி, சுருதி சேர்ப்பதற்குள் 40 நிமிஷம் போய்விடும். மிச்ச நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி ஏற்கெனவே தெரிந்த பாட்டை வாசிப்போம். தெரியாததைத் தேடிப் பார்க்க நேரமே இருந்ததில்லை. 11 மாதம் கூடினோம். புதிதாக ஒன்றுகூடச் செய்யவில்லை. எங்களுக்குத் திறமை குறைவு என்று வெகுநாள் வருத்தப்பட்டேன். அந்தக் குளிர் அறையைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகுதான் குறை எங்கே இருந்தது என்று புரிந்தது.

மாட்டுக்கொட்டகையாக இருக்கலாம், மூடிய லேத் பட்டறையாக இருக்கலாம். பூட்டும் சாவியும் உங்களுடையதாக இருக்கட்டும்.

4. பதிவு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

திஸ் ஹீட்டின் முதல் தட்டு 1979இல் வந்தது. அதில் இருக்கும் ஒலிகள் 1976 பிப்ரவரியிலிருந்து 1978 செப்டம்பர்வரை பதிவானவை. இரண்டரை வருஷம் உட்கார்ந்து ஒரே ஒரு தட்டு செய்தார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள். அத்தனை நாளும் எதையாவது பதிந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் அதிலிருந்து எடுத்தார்கள். மேடையில் பதிந்தது, அறையில் பதிந்தது, நல்ல ஸ்டுடியோவில் பதிந்தது எல்லாம் அந்தத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தரம் மாறுவதை மறைக்கவில்லை. ஒரு பாட்டின் நடுவே அறையே மாறிவிடும். கேசட்டில் பதிந்த கரகரப்பும் பெரிய மெஷினில் பதிந்த தெளிவும் அவர்களுக்கு இரண்டு வண்ணங்கள், அவ்வளவுதான்.

எங்கள் குழு ஒரே ஒரு நாள் பதிவு செய்தது. பாக்கிப் பணத்தைக் கட்ட மூன்று வாரம் தாமதமாயிற்று. போய்க் கேட்டபோது எங்கள் ஸ்பூலின்மேல் வேறு யாருடைய பாட்டையோ பதிந்துவிட்டிருந்தார்கள். அன்றைக்கு என் நண்பன் வாசித்த பேஸ் இன்னும் என் காதில் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை. அவனும் இப்போது இல்லை.

உங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. சட்டைப் பையில் இருக்கிற போனே பதிவு செய்யும். ஆனால் பதிந்ததைக் கேட்கிறீர்களா? வாரத்தில் ஒரு நாள் வாத்தியத்தைத் தொடாமல் நால்வரும் உட்கார்ந்து, அந்த வாரம் பதிந்ததை முழுதும் கேளுங்கள். எதை வைத்துக்கொள்ளலாம் என்று பேசுங்கள்.

5. பதிவு மெஷினும் ஒரு வாத்தியம்.

இது என் தொழில். கொஞ்சம் நீட்டிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தட்டில் ‘24 டிராக் லூப்’ என்று ஒன்று இருக்கிறது. முதலில் டேப் லூப் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஸ்பூல் டேப் விநாடிக்கு 15 அங்குலம் ஓடும். இரண்டு விநாடி டிரம்ஸை வெட்டி எடுத்தால் கையில் 30 அங்குல நாடா இருக்கும். அதன் இரு முனைகளையும் சாய்வாக வெட்டிச் சேர்த்து ஒட்டினால் வளையம். மெஷினில் மாட்டி, தொய்யாமலிருக்க ஒரு பென்சிலையோ மைக் ஸ்டாண்டையோ கொடுத்து ஓடவிட்டால் அந்த இரண்டு விநாடி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். வெட்டுகிற பிளேடில் காந்தம் ஏறியிருந்தால் ஒட்டிய இடத்தில் ‘டொக்’ என்று கேட்கும். கை நடுங்கினால் தாளம் ஒரு மயிரிழை நொண்டும். அந்த நொண்டலே சில சமயம் அழகாக இருக்கும்.

திஸ் ஹீட்காரர்கள் தாங்களே வாசித்த ஒரு சிறு துண்டை இப்படி வளையமாக்கினார்கள். அதை இரண்டு அங்குல அகலமுள்ள 24 டிராக் டேப்பில் திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். ஹார்மோனைசர் என்றொரு கருவி அப்போதுதான் ஸ்டுடியோக்களுக்கு வந்திருந்தது. வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கும். அதையும் பயன்படுத்தி ஒரே துண்டுக்குப் பல முகம் கொடுத்தார்கள். கடைசியில் மிக்ஸிங் மேஜைமுன் உட்கார்ந்து ஃபேடர்களை ஏற்றியும் இறக்கியும் வாசித்தார்கள். வாசித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு டிராக் எழும், இன்னொன்று அமிழும். ஆறு நிமிஷத்துக்கு அந்த ஒரே துண்டு ஊரையே சுற்றி வரும்.

பின்னாளில் கணினியில் நடன இசை செய்தவர்களின் வேலை இதற்கு எவ்வளவு நெருக்கம் என்று நீங்களே கேட்டால் தெரியும். இவர்கள் செய்தது எழுபதுகளில், கையால்.

நீங்கள் மென்பொருளில் லூப் என்ற பொத்தானை அழுத்துகிறீர்கள். தப்பில்லை. ஆனால் எந்த இரண்டு விநாடி என்று தேர்ந்தெடுக்க எத்தனை நேரம் செலவழித்தீர்கள்? விற்பனைக்கு வரும் தாளத் துண்டை எடுக்காதீர்கள். நீங்கள் வாசித்ததில், எல்லாரும் ஒருகணம் தடுமாறிய இடம் ஒன்று இருக்கும். அதை வெட்டி வளையமாக்கிப் பாருங்கள்.

6. பதிந்ததைக் கேட்கிறவர்களுக்கு அனுப்புங்கள். தட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். திஸ் ஹீட்காரர்கள் பி.பி.சி. வானொலியின் ஜான் பீலுக்கு ஒரு டேப் அனுப்பினார்கள். 1977இல் இரண்டு முறை அவருடைய நிகழ்ச்சிக்காகப் பதிவு செய்ய அழைப்பு வந்தது. முதல் தட்டு வர அதற்குப்பின் இரண்டு வருஷம் ஆயிற்று.

7. உங்கள் அறைக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

குளிர் அறைக்கு வெளியுலகம் எட்டாது என்று நினைத்துவிடாதீர்கள். 1979 டிசம்பரில் அமெரிக்காவின் புதிய அணு ஏவுகணைகளை ஐரோப்பாவில் வைப்பதென்று நேட்டோ நாடுகள் முடிவெடுத்தன. அடுத்த வருஷம் பிரிட்டிஷ் அரசு வீட்டுக்காரர்களுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. அணுகுண்டு விழுந்தால் என்ன செய்வது? வீட்டுக் கதவைக் கழற்றி உள்சுவரில் சாய்த்துவைத்து அதன் அடியில் ஒளிந்துகொள்ளுங்கள் என்று படம் போட்டுச் சொல்லியிருந்தார்கள். 1981 ஏப்ரலில் திஸ் ஹீட்டின் அறை இருந்த பிரிக்ஸ்டனிலேயே போலீசாருக்கும் இளைஞர்களுக்கும் மூன்று நாள் மோதல், கட்டடங்கள் எரிந்தன.

அந்த வருஷம் வந்தது அவர்களுடைய இரண்டாவது தட்டு, ‘டிசீட்’. வஞ்சனை என்று பொருள். ரஃப் டிரேடு என்ற நிறுவனம் வெளியிட்டது. உறையில் ஒரு மனித முகம். அதன்மேல் அணுகுண்டின் காளான் புகை. அந்தப் பயம் தட்டு முழுவதும் இருக்கிறது. ஆனால் கத்தவில்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

முதல் பாட்டு தாலாட்டு மாதிரி வரும். மெதுவான குரல். உற்றுக் கேட்டால் அதில் வருவது விளம்பரக்காரர்கள் பேசுகிற பேச்சு. தாலாட்டி நம்மைத் தூங்கவைப்பது யார் என்று பாட்டு எங்கேயும் சொல்லாது, உங்களுக்கே புரிந்துவிடும். இன்னொன்றில் 1776இன் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வரிகளை அப்படியே எடுத்துப் பாடுகிறார்கள். கிண்டலுக்காகப் பாடவில்லை. ராகம் அந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் ஒட்டாமல் நடந்து போகும். மக்களுக்குக் கொடுத்த வாக்கு அது. 200 வருஷம் கழித்து என்னவாயிற்று என்று கேட்பவன்தான் யோசிக்க வேண்டும். கடைசியில் வருவதற்கு ஜப்பானிய மொழியில் பெயர். அணுகுண்டுக் கதிர்வீச்சால் வரும் நோயின் பெயர். அதில் பாட்டே இல்லை.

போன வாரம் நீங்கள் வாசித்துக் காட்டிய பாட்டில் “ஊழல்” என்று 16 தடவை கத்தினீர்கள். உங்கள் கோபம் உண்மையானது, எனக்குத் தெரியும். உங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்காரர் ஒலிபெருக்கியில் சொல்வதை அப்படியே, மாற்றாமல், மெதுவாகப் பாடிப் பாருங்கள்.

8. டி.வி. பெட்டி, மிக்ஸி, மாவு மெஷின், கேட்கிற எதுவும் உங்கள் பாடம். முதல் தட்டில் ஒன்றுக்குப் பெயர் ‘ஹாரிசான்டல் ஹோல்டு’. பழைய டி.வி.யில் படம் சாய்ந்து கிழிந்து ஓடும்போது திருகிச் சரிசெய்வோமே, அந்தத் திருகு. அந்த இசையும் அப்படித்தான்: ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று வழுக்கி வேறொன்றாக நிற்கும். எங்கள் வீட்டு டயனோரா டி.வி.யைத் தட்டித் தட்டிப் பார்த்த எனக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது.

9. கூட்டம் குறைவாகத்தான் வரும். கூட்டத்தை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள்; கேட்டவர்கள் என்ன செய்யத் தொடங்கினார்கள் என்று பாருங்கள். திஸ் ஹீட் பெரிய விற்பனை கண்ட குழு அல்ல. அந்த அறையில் அவர்களுக்குப்பின் வேறு பலர் பதிவு செய்தார்கள். திஸ் ஹீட்டைக் கேட்டுவிட்டுத் தொடங்கிய குழுக்களை நான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

10. ஒருவர் விலகும்போது வாழ்த்தி அனுப்புங்கள்.

‘டிசீட்’ முடிந்தபின் கேரத் வில்லியம்ஸ் குழுவை விட்டார். எங்கே போனார் தெரியுமா? நம் பக்கத்துக் கேரளத்துக்கு, கதகளி கற்றுக்கொள்ள. எனக்கு இது தெரிந்த அன்று இரவு வெகுநேரம் மாடியில் நடந்துகொண்டிருந்தேன். வாத்தியம் தெரியாமல் லண்டனில் இசைக்குள் நுழைந்தவர், ஆறு வருஷத்தில் இப்படி ஒரு தட்டு செய்துவிட்டு, மறுபடியும் ஒன்றும் தெரியாதவராகப் போய் நிற்கிறார். கண்ணசைவுக்கே வருஷக்கணக்கில் பயிற்சி கேட்கிற கலை அது.

மற்ற இருவரும் வேறு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவில் ஒரு சுற்று வாசித்தார்கள். 1982இல் முடித்துக்கொண்டார்கள். பெயர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியத் தொடங்கியிருந்த நேரம். அந்தப் பெயரிலேயே இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருக்கலாம். ஓட்டவில்லை. ஹேவர்ட் அடுத்து கேம்பர்வெல் நவ் என்று வேறொரு பெயரில் வேறொரு குழு தொடங்கினார்.

எங்கள் பேஸ்காரன் வேலை கிடைத்து வடக்கே போனபோது நான் அவனோடு ஒரு வருஷம் பேசவில்லை. குழுவைக் கெடுத்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னேன். 20 வயசில் நான் செய்த பெரிய தப்பு அது. அவன் போனதால் குழு முடிந்தது. நான் நடந்துகொண்ட விதத்தால் நட்பும் முடிந்தது. குழு முடிந்ததற்கு இப்போது வருத்தம் இல்லை.

11. முடிந்தபிறகும் வேலை இருக்கிறது.

வில்லியம்ஸ் 1985இல் மேரி கரி என்பவரோடு சேர்ந்து ஃப்ளேமிங் டியூன்ஸ் என்று ஒரு கேசட் வெளியிட்டார். மென்மையான, வீட்டுக்குள் பாடுகிற மாதிரியான பாட்டுகள். பிறகு ‘ரஃப் கைடு’ வரிசையில் இந்தியாவைப் பற்றிய பயண நூலை எழுதியவர்களில் ஒருவரானார். 2001 டிசம்பரில் காலமானார். வானொலிக்காக 1977இல் பதிந்தவை 1996இல் தட்டாக வந்தன; அவர்களுடைய தட்டுகள் எல்லாம் சேர்ந்து 2006இல் ஒரே பெட்டியாக வந்தன. பதிவை ஓடவிட்டார்கள் என்று சொன்னேனே, அதனால்தான் வந்தன.

2016 பிப்ரவரியில், முதல் நிகழ்ச்சி நடந்து 40 வருஷம் ஆன நாளில், ஹேவர்டும் புல்லனும் லண்டனில் கஃபே ஓட்டோ என்ற சிறிய அரங்கில் அந்த இசையை மறுபடி வாசித்தார்கள். இளையவர்கள் பலர் கூட வாசித்தார்கள். மூன்றாமவர் இல்லை. அதனால் பழைய பெயரை வைத்துக்கொள்ளவில்லை. ‘இது திஸ் ஹீட் அல்ல’ என்பதையே பெயராக வைத்தார்கள்.

சின்னவளே, எத்தனை வருஷம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது அம்மா. எங்கள் மொட்டை மாடியில் ஒரு அறை இருக்கிறது. என் பழைய ஸ்பூல் மெஷின் அங்கேதான் கிடக்கிறது, இன்னும் ஓடும். கிழக்குப் பக்க ஜன்னலில் பழைய மெத்தையை நிறுத்திவைத்தால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது. சாவியைக் கீழே பால் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். வாடகை வேண்டாம். பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அதன் ரீங்காரம் மைக்கில் ஏறும். நிறுத்த மறந்துவிட்டால், அது என்ன சுருதி என்று உங்கள் கீபோர்டுக்காரனைக் கேளுங்கள்.